என் மனைவியோடு வேதத்துக்காகச் சண்டை போட்டவர்

அந்த ஆளின் குரலை நான் முதன்முதலில் கேட்டது எங்கள் வீட்டுச் சமையலறையில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்திருந்தேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மனைவி ஃபோனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்து ஒரு வாய்ஸ் மெசேஜ் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது காது மேடம். கேக்கறதுக்கும் எழுதறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல? ரிஷிங்க வேதத்தக் கேட்டாங்க, அவ்ளோதான். யாரும் உண்டாக்காத ஒண்ணுக்கு உண்டாக்கினவன் எந்த ஊருன்னு தேடினா எப்படி?"

நிதானமான குரல். தமிழ் பேசும்போதே தெலுங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும் சித்தூர்ப் பேச்சு. மனைவி கரண்டியை வலது கையில் பிடித்தபடி இடது கட்டைவிரலால் ஃபோனை அழுத்தினாள்.

"சார், கேட்டவங்களுக்குக் காது இருந்துச்சில்ல? அந்தக் காது ஒரு ஊர்லதான இருந்திருக்கும்? அவங்க பாட்டுல குதிர வருது, தேர் வருது, ஒவ்வொரு ஆத்துப் பேரும் வருது. யாருமே பாடலன்னா அவங்க ஊட்டு மாடு காணாம போனதெல்லாம் அதுல எப்படி சார் வந்துச்சு?"

அனுப்பிவிட்டுத் தானாகவே சிரித்தாள். குழம்பு அடிப்பிடித்தது. வாசற்படியில் நான் நிற்பதை அப்போதுதான் பார்த்தாள். "எப்ப வந்த?" என்று கேட்டாள். கேட்ட கையோடு ஃபோனைப் பார்த்தாள், பதில் வந்திருக்கிறதா என்று.

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு இந்த வயிற்றெரிச்சல்.

நான் புத்தூரில் எரிந்துபோன போர்வெல் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் நாகலாபுரத்துப் பக்கம். எங்கள் நைனா கூலி வேலை செய்தவர். பிற்பாடு அரசாங்கம் கொடுத்த நிலத்தில் கடலை போட்டார். மனைவி ஒரு அரசு ஹைஸ்கூலில் சோஷியல் டீச்சர். ஒரே மகள், சித்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

வேதம் எங்கள் வீட்டுக்குள் வந்தது ஆறாம் வகுப்புப் பாடத்தின் வழியாக. வகுப்பில் ஒரு பெண், "டீச்சர், வேதத்த யார் எழுதனாங்க?" என்று கேட்டிருக்கிறாள். "பல பேர் பல காலமா பாடினது, அப்பறம் எழுத்துக்கு வந்துச்சு" என்று இவள் சொல்லியிருக்கிறாள். மறுநாள் அந்தப் பெண்ணின் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து, தேவுடு கொடுத்ததை மனுஷன் பாடினதாக எப்படிச் சொல்லலாம் என்று கேட்டாராம். மரியாதையாகத்தான் கேட்டாராம். ஆனால் இவளால் அதை விட முடியவில்லை. "நான் சொன்னது சரியா தப்பான்னு எனக்கே முழுசா தெரில. தெரியாம அந்த மனுஷன் முன்னாடி தலையாட்டிக்கினு நின்னேன்" என்று வந்து சொன்னாள். அடுத்த வாரமே திருப்பதிக்குப் போய் நூலகத்திலிருந்து தடித்தடியாகப் புத்தகங்கள் தூக்கிவந்தாள். அங்கேதான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மாடி அறையில் கூடிப் பேசும் ஆட்கள் பழக்கமானார்கள். அவர்களில் ஒருவர்தான் இந்தக் குரல். காலேஜில் கணக்கு லெக்சரர், சந்திரகிரியில் வீடு.

வேதம் எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, யாருடையது என்று இருவருக்கும் ஓயாத சண்டை. குதிரை ஓட்டிக்கொண்டு வடமேற்கிலிருந்து வந்தவர்களும் இங்கே இருந்தவர்களும் கலந்த காலத்தில், மூவாயிரத்துச் சொச்சம் வருஷங்களுக்கு முன்னால் தலைமுறை தலைமுறையாகப் பாடிச் சேர்த்தது என்பது இவள் கட்சி. அதற்கு வயதே கிடையாது, யாரும் எங்கிருந்தும் வரவில்லை, வற்றிப்போன நதியைப் பெருகி ஓடுவதாக அது பாடுகிறதே, அந்த நதி இந்த மண்ணில்தானே ஓடியது என்பது அவர் கட்சி.

எனக்கு இரண்டு கட்சியைப் பற்றியும் கவலையில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: மனைவியை நான் தப்பாகவும் நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால் கத்தித் தீர்த்திருக்கலாம். என்னை அரித்தது வேறு. கல்யாணமான புதிதில் நாங்கள் எல்லாவற்றுக்கும் சண்டை போடுவோம். சாம்பாரில் வெல்லம் போடலாமா, மகளை எந்த மீடியத்தில் சேர்ப்பது, ஓட்டு யாருக்கு என்று எதுவும் மிச்சமில்லை. என் வாயை அடைக்க இரண்டு நாள் யோசித்து, துணி காயப்போடும்போது திடீரென்று பதில் சொல்வாள். அந்தச் சண்டைகள் எப்போது நின்றன என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது நான் எது சொன்னாலும் "சரி" என்கிறாள். டிவியை மாத்தட்டுமா, சரி. ஊருக்குப் போய் வரட்டுமா, சரி. அந்த இரண்டு நாள் யோசனையெல்லாம் இப்போது சந்திரகிரிக்குப் போய்க்கொண்டிருந்தது. பல் தேய்க்கும்போது அவருக்குப் பதில் யோசிக்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கடையில் செம்புக்கம்பியைச் சுற்றியபடி நான் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். அவர் கட்சி வீடியோக்களைத்தான். ஒரு வாரம் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டு, ஒரு நாள் சாப்பிடும்போது மெதுவாகப் போட்டேன்.

"இன்னா மே, குதிரை வந்துச்சு வந்துச்சுன்றியே, அந்தக் காலத்துக் குதிரை எலும்பு இங்கியே தோண்டி எடுத்துக்கீறாங்களாமே?"

அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன்.

"எந்த வீடியோ?" என்றாள்.

"வீடியோ இன்னா வீடியோ, நானே யோசிச்சேன்."

"அது குதிரையா காட்டுக்கழுதையான்னு அவங்களுக்குள்ளவே சண்ட. சார் போன மாசமே இதச் சொல்லி, நான் பதில் சொல்லியாச்சு. மோர் ஊத்தட்டுமா?"

அவ்வளவுதான். நான் வாரம் முழுக்கக் கஷ்டப்பட்டு ஏற்றிக்கொண்டது அவர் எப்போதோ சொல்லித் தீர்த்த பழைய சரக்கு. மோர் ஊற்றிக்கொண்டேன்.

அந்த ஆளைப் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. திருப்பதியில் கம்பி வாங்க வேண்டும் என்று பொய் சொல்லி அடுத்த ஞாயிறு அவளோடு கிளம்பினேன். மாடி ஏறும்போது என்னென்னவோ கற்பனை: உயரமாக இருப்பார், தலைக்குச் சாயம் அடித்திருப்பார், ஆங்கிலம் பேசுவார். போனால் அங்கே என் வயசுக்காரர் ஒருவர், முன்தலை வழுக்கை, முழங்காலுக்குப் பட்டை போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதியாம், தனக்கு மட்டும் சின்ன டப்பாவில் வேகவைத்த பயறு கொண்டுவந்திருந்தார். இவர் சொல்லுக்கா என் மனைவி பல் தேய்க்க மறந்து நிற்கிறாள் என்று ஒரு பக்கம் நிம்மதி. இவருக்கே இப்படியா என்று இன்னொரு பக்கம் கூடுதல் எரிச்சல்.

அவர் என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளாலும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கண்ணா, வாங்க. மேடம் உங்களப் பத்தி நிறைய சொல்லுவாங்க. கோவம் வந்தா சோறு வேணாம்னு படுத்துக்குவீங்களாம், அப்பறம் யாரும் பாக்காதப்ப எழுந்து போயி தயிர்சாதம் துன்னுவீங்களாமே!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மனைவியைப் பார்த்தேன். அவள் புத்தகத்தில் குனிந்துகொண்டாள். அந்தத் தயிர்சாதம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் சொந்தமானது என்று நான் நினைத்திருந்தேன்.

அன்று இரண்டு மணி நேரம் அவர்கள் பேசுவதைப் பார்த்தேன். அவர் ஒன்று சொல்வார். இவள் கழுத்தைச் சாய்த்துக் கேட்பாள். சொல்லி முடிக்கும் முன்னாலேயே இவள் வாய் பதிலுக்குத் தயாராகும். குறுக்கே யார் பேசினாலும் இரண்டு பேருமே பொறுத்துக்கொண்டு காத்திருந்து, அவர்கள் முடித்ததும் விட்ட இடத்தில் தொடர்ந்தார்கள். இவள் வாயிலிருந்து "சரி" என்று ஒரு தடவைகூட வரவில்லை.

அங்கேதான் யாரோ நாகலாபுரம் போகலாமே என்றார்கள். வேதநாராயண சுவாமி கோயில் இருக்கும் ஊர். அசுரன் ஒருவன் வேதங்களைத் திருடிக்கொண்டுபோய்க் கடலுக்கடியில் ஒளித்து வைக்க, பெருமாள் மீனாகிப் போய் மீட்டு வந்தார் என்பது தலபுராணம். வேதத்தைப் பற்றி இத்தனை பேசும் நாம் அங்கே போகாமல் இருக்கலாமா என்று எல்லாருக்கும் உற்சாகம். "எங்க ஊருதான். நானே வண்டி எடுக்கறேன்" என்று நான் முந்திக்கொண்டேன். மனைவி ஆச்சரியமாகப் பார்த்தாள்.

போகிற வழியெல்லாம் அவர் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்சீட்டில் இருந்த அவளோடு பேசிக்கொண்டு வந்தார். மயிலுக்கு வேதத்தில் இருக்கும் பெயர் தமிழ் மயிலிலிருந்து போனதாக இருக்கலாம் என்றாள் இவள். பிச்சாட்டூர் தாண்டும்வரைக்கும் மயில் பறந்துகொண்டே இருந்தது.

சன்னதியில் எல்லாரும் அமைதியாக நின்றோம். மேலே பெருமாள், இடுப்புக்குக் கீழே மீன். அர்ச்சகர் தீபத்தைத் தாழ்த்திக் காட்டும்போதுதான் அந்த வால் தெரியும். வெளிப்பிரகாரத்தில் நிழலில் வந்து உட்கார்ந்ததும் அவர்தான் ஆரம்பித்தார்.

"பாத்தீங்களா மேடம்? சாமி வேதத்த உண்டாக்கினதா இந்தக் கதகூட சொல்லல. ஏற்கெனவே இருந்தது. திருடுபோச்சு. மீட்டுக் குடுத்தாரு. அவ்ளோதான்."

இவள் வாயைத் திறப்பதற்குள் நான் புகுந்தேன். எப்படித் துணிந்தேனோ.

"அதான? சாமியே உண்டாக்கலன்னா மனுஷன் எங்கேர்ந்து உண்டாக்கறது? யாரும் பண்ணதில்ல அது. காத்து மாதிரி எப்பவும் கீது."

மனைவி என் பக்கம் திரும்பினாள். முழுசாகத் திரும்பினாள். வெளியாட்கள் முன்னால் எப்போதும் என்னை "வாங்க, போங்க" என்பவள்.

"நீ சொல்றியா இத? இதே கோயிலுக்கு உங்க தாத்தா எதுவரைக்கும் வந்தாரு? சொல்லு. தேர் போற தெரு முனைல நின்னு கும்பிட்டுட்டுப் போயிடுவாருன்னு நீதான என்கிட்ட சொன்ன? வேதம் காதுல உழக்கூடாதுன்னு அவர நிக்க வச்சது யாரு? காத்தா? யாரும் பண்ணலன்னு சொல்லிட்டா அப்பறம் யாரையும் கேக்கவும் முடியாது. அதுக்குத்தான் நான் தேடிக்கினு கீறேன். சும்மா பொழுதுபோகலன்னு தேடறேன்னு நெனச்சியா?"

முகம் சிவந்திருந்தது. கண் என்மேலேயே இருந்தது. சொன்னதெல்லாம் நியாயம், எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனை வருஷம் கழித்து அவள் என்னை இப்படிப் பார்க்கிறாள்! பதில் சொல்ல வாய் எடுத்தேன்.

அதற்குள் லெக்சரர் என் தோளில் கையைப் போட்டார்.

"மேடம், அண்ணனத் திட்டாதீங்க. நீங்க சொல்ற கொடுமை நெஜம். மூடி வச்சவன் தப்பு அது. மூடி வச்ச பொருளுக்கு அதுல என்ன பங்கு? அண்ணன் சொன்னது பொருளப் பத்தி."

அவள் கண் என்னை விட்டு அவர்மேல் போனது. "மூடறதுக்கு வசதியாத்தான சார் அத அப்படிச் சொல்லி வச்சாங்க" என்றாள். சண்டை அவர்களிடம் திரும்பிப் போய்விட்டது. என் தோளில் அவர் கை மட்டும் இருந்தது. அதைத் தட்டிவிடக்கூட முடியாது, எனக்காகப் பேசுகிறார்.

அதற்குப் பிறகு அவர் எனக்கும் தினமும் வாய்ஸ் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தார். "அண்ணா, மேடம் இன்னைக்கு நல்லாப் புடிச்சிக்கினாங்க, நம்ம பக்கம் ஒரு பாயிண்ட் சொல்லுங்க." நம்ம பக்கமாம். நானும் எதையாவது சொல்வேன். ஒரு நாள் அது மனைவி காதில் விழுந்தது.

"என் சண்டைல நீ இன்னாத்துக்குப் பங்கு கேக்கற?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள், ஆனாலும் சொன்ன பிறகு சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்களின் வாட்ஸ்அப் குரூப் உடைந்தது அதற்கப்புறம் சில மாதங்களில். அவள் மயிலைப் பற்றியும், ட, ண மாதிரி நாக்கை மடித்துச் சொல்லும் எழுத்துகள் வேதத்துக்குள் எப்படி வந்தன என்பதைப் பற்றியும் நீளமாக ஒன்று எழுதிப் போட்டாள். இங்கே இருந்தவர்களின் நாக்கும் அந்தப் பாட்டுகளில் சேர்ந்திருக்கிறது, நம்ம ஜனங்களுக்கும் அதில் பங்குண்டு என்று முடித்திருந்தாள். புதிதாகச் சேர்ந்த யாரோ ஒருவன் கீழே ஒற்றை வரி போட்டான்: நீங்களெல்லாம் வேதத்துக்குப் பங்கு கேட்க வந்துவிட்டீர்களா என்று. அந்த "நீங்களெல்லாம்" யாரைச் சொல்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

அவள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த ஒற்றை வரிக்காரனின் பதிலுக்காக இல்லை. லெக்சரர் பார்த்துவிட்டார் என்று நீலக்கோடு காட்டியது. டைப் பண்ணுகிறார் என்று வந்தது, போனது, மறுபடி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அவள் குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டாள். அவருடைய வாய்ஸ் மெசேஜ்கள் தனியாக வந்தபோது கேட்காமலேயே விட்டாள். புத்தகங்களை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்தாள். குழம்பு அடிப்பிடிக்கவில்லை.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முதல் வாரம் பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். "நாகலாபுரம் போயி வரலாமா?" என்றேன். சரி என்றாள். "வேணாம், மழை வர்ற மாதிரி கீது" என்றேன். அதற்கும் சரி என்றாள். அவள் அவருக்காக ஏங்குகிறாள் என்று சொன்னால் எனக்கே வலிக்கும். ஆனால் அதுதான் நடந்தது. ஒரு ஆள் மௌனமாக இருந்ததற்கு இவ்வளவு வருத்தப்பட முடியும் என்றால் அந்த ஆள் பேச்சுக்கு எவ்வளவு இடம் கொடுத்திருந்தாள்! நான் மௌனமாக இருந்த நாட்களை இவள் கவனித்ததுண்டா என்று கடையில் உட்கார்ந்து யோசித்தேன்.

ஒரு வியாழக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு சந்திரகிரிக்குப் போனேன். கோட்டைக்குப் போகும் சாலையில் அவர் வீடு. கதவைத் திறந்ததும், "மேடம் எப்படி இருக்காங்கண்ணா?" என்றார்.

"அத நீயே வந்து கேளு" என்றேன். "அவன் அப்படி எழுதினப்ப நீ இன்னாத்துக்கு வாய மூடிக்கினு இருந்த?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எழுதினேன், அழிச்சேன். நான் பதில் சொன்னா அவன் என் கட்சிக்காரன்னு எல்லாரும் நெனச்சிக்குவாங்கன்னு பயந்தேன். அவனத் திட்டினா என் கட்சிய நானே வுட்டுக்குடுத்த மாதிரி ஆயிடுமோன்னும் பயந்தேன். ரெண்டும் பயம்தான்."

"இத அவகிட்ட வந்து சொல்லு."

"அவங்க கதவத் தொறப்பாங்களா?"

"கதவ நான் தொறக்கறேன்."

சொல்லிவிட்டு வண்டி ஓட்டி வரும்போது என்மேல் எனக்கே கோபம் வந்தது. எந்தப் புருஷனாவது இந்த வேலையைச் செய்வானா?

ஞாயிற்றுக்கிழமை வந்தார். மனைவி அவரைப் பார்த்ததும் என்னைப் பார்த்தாள். பிறகு "உக்காருங்க சார்" என்றாள். அவர் உட்காரவில்லை, நின்றபடியே எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னார். ஒரு சாக்கும் சேர்க்கவில்லை. அவள் முழுசாகக் கேட்டாள்.

"உங்க கட்சி பெருசா, நான் பெருசான்னு நான் கேக்கல சார். அவன் எழுதினது தப்புன்னு ஒரு வரி. அது எந்தக் கட்சியில இருந்தாலும் எழுதலாம்."

"எழுதியிருக்கணும். தப்பு மேடம்."

"எனக்கு மூணு நாள் தூக்கம் இல்ல."

"தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் டீ போட உள்ளே போனேன். பால் பொங்குவதற்குள் கூடத்தில் குரல் ஏறிவிட்டது. முதலில் அந்த மௌனத்தைப் பற்றி, பிறகு மௌனம் சாதிப்பவர்களைப் பற்றி, பிறகு எப்படியோ நதிக்கு வந்துவிட்டார்கள். "அது காது மேடம்" என்று கேட்டது. "அதான் சார், அதான்!" என்று அவள் குரல் கேட்டது. நான் அவருக்குச் சர்க்கரை இல்லாமல் டீ கலந்து, என்னுடையதில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டேன்.

அந்தக் குரூப்புக்கு அவள் திரும்பிப் போகவில்லை. அவரும் விலகிவிட்டார். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வருகிறார். வேகவைத்த பயறு டப்பாவோடு. அவர்கள் பேசுவார்கள். நான் நடுவில் உட்கார்ந்து வறுத்த கடலை உரித்துக்கொண்டிருப்பேன். சில சமயம் நானும் ஒன்று சொல்வேன். இரண்டு பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

போன மாதம் அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அண்ணா, மேடம் சொல்ற அந்த நாக்கு மடிக்கிற எழுத்து விஷயம். ரெண்டு மாசமா படிச்சிப் பாத்தேன். என்கிட்ட பதில் இல்ல. அவங்க சொல்றதுதான் சரின்னு தோணுது. இங்க இருந்தவங்க நாக்கு அதுல இருக்கு."

"அவகிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"நான் சொன்னா அதோட சண்ட முடிஞ்சிடுமேன்னு இருக்கு. நீங்க எப்பவாச்சும் பேச்சோட பேச்சா சொல்லிடுங்க."

பஸ் வந்தது, ஏறிப் போனார். வீட்டுக்கு வந்தேன். மனைவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "இன்னா சொன்னாரு?" என்று தலை நிமிராமல் கேட்டாள். சொன்னால் அவள் முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும். அந்த மலர்ச்சி யாரால் வந்தது என்பதும் தெரியும்.

"பஸ் லேட்டுன்னாரு" என்றேன்.

இன்னும் சொல்லவில்லை.